அக்கா ஏற்றிய அம்மிக்கல்

என் சித்தப்பாவின் கைப்பேசியில் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பஞ்சமே கிடையாது. பிரமிடு அவர்கள் கட்டியது, தஞ்சாவூர்க் கோபுரத்தின் உச்சிக்குக் கல் ஏற்றியதும் அவர்கள்தான். "இம்மாம் பெரிய கல்ல மனுசன் ஏத்த முடியுமா? மேலேர்ந்து எவனோ வந்து செஞ்சிட்டுப் போயிருக்கான்" என்பார். மந்தைவெளி வீட்டில் அவர் தோளில் சாய்ந்து அந்த வீடியோக்களைப் பார்க்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

அதில் மண்ணைப் போட்டவள் எட்டாவது படித்த அக்கா, என் பெரியப்பா மகள். பள்ளிக் கண்காட்சிக்கென்று, மொட்டைமாடியில் சும்மா கிடந்த அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பாவே தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்ட கல் அது. பிளம்பர் விட்டுப்போன குழாயைத் துண்டுகளாக அறுத்துச் சாய்வுப் பலகைமேல் பரப்பி, கல்லில் கயிறு கட்டி, ஒற்றை ஆளாக அக்கா இழுத்தாள். பின்னால் விடுபடும் துண்டை எடுத்து முன்னால் வைப்பது மட்டும் என் வேலை. கல் சமர்த்தாக மேலே ஏறியது.

சித்தப்பா அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். அதில் என் கை இரண்டு முறை வந்து போனது, அவ்வளவுதான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு வாரம் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

கண்காட்சியன்று கல்லைப் பார்த்த ஆட்டோக்காரர், "இன்னா பாப்பா, கோயில் கட்டப் போறியா?" என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பரிசு அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நடுவராக வந்த மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஜமா உங்க அக்காவே செஞ்சாளா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ், எங்க சித்தப்பா செஞ்சு குடுத்தாரு."

பரிசு ஒரு தெர்மாகோல் எரிமலைக்குப் போனது.

திரும்பும்போது ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவே அம்மிக்கல். அடி விழும் என்று காத்திருந்தேன். கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "நீ சொன்னத மிஸ் சொன்னாங்க. நான் செஞ்சிருக்க முடியாதுன்னு அவங்களும் நம்பிட்டாங்கல்ல? அவ்ளோ நல்லாவாடி இருந்துச்சு?" என்று அக்கா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ச் சாய்ந்துகொண்டேன். வீடியோவில் ஒருவர், இதை மனிதர்கள் செய்திருக்கவே முடியாது, யாரோ வந்து செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். காலையில் நானும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.