சுவரைப் பேசவிடாதவர்

செல்வநாதன் அண்ணன் இறந்த செய்தி எங்கள் உள்ளலங்கார அலுவலகத்தின் வாட்ஸ்அப் புலனக்குழுவில் வந்தது. நான் அப்போது கெலுகோரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில், ஈரம் காயாத சுவரின் முன் நின்றிருந்தேன். மணல் நிறம். அண்ணன் தேர்ந்தெடுத்தது. குழுவில் எல்லாரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். அவரிடம் நான் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. முந்திக்கொண்டார்.

அவருடைய நினைவு மலருக்கு, அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பினாங்கில் நம்மவர் வீடுகள் பலவற்றின் உள்சுவர்களை வெளுக்கவைத்தவர் அவர். அந்த வேலையில் தேர்ந்தவர். அதை மறைத்தால் நான் சொல்லப்போவதற்கு மதிப்பிருக்காது.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீடு. சிவப்புச் சிமெண்டுத் தரை. உரிமையாளர் தூய வெள்ளைதான் வேண்டும் என்றார். அண்ணன் மறுக்கவில்லை. ஒரு பலகையில் அந்த வெள்ளையை அடித்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார். வெயில் உள்ளே வந்ததும் தரையின் சிவப்பு பலகையில் ஏறியது. வெள்ளை, ரோஜா நிறமானது.

"பாத்தீங்களா? தரை சொல்றதத்தான் சுவரு கேக்கும் லா."

பச்சைச் சாயல் கொஞ்சம் கலந்த சாம்பல் வெள்ளையை எடுத்தார். அடித்து முடித்ததும் அறை அடங்கிவிட்டது. "சுவரு வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும், தங்கச்சி" என்றார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவருக்கு மட்டும் வாயைப் பொத்த வராது.

எங்கள் வீட்டு ஹால் கிளிப்பச்சை. அப்பா போனபிறகு, யாரையும் கேட்காமல் அம்மா எடுத்த முதல் முடிவு. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே பச்சையை மறுபடி அடிக்கவைப்பார். அண்ணனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் மீன்கொழம்பு ஊத்திக்குங்க, தம்பி." அவரும் ஊற்றிக்கொண்டார். சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அலுவலகத்தின் தீபாவளி உபசரிப்பு விருந்தில் சொன்னார். அம்மாவும் வந்திருந்தார். வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைக் காட்டி, "இவங்க வீட்டுக் கிளிக்கூண்டுலதான் உக்காந்து சாப்பிட்டேன். வெளிய வந்து பாத்தா எனக்கே றெக்கை மொளச்சிருச்சு லா."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சிரித்தார். கையில் முறுக்குத் தட்டு.

ஒரு மாதத்துக்குள் எங்கள் ஹால் மணல் நிறமானது. நான் வேலையிலிருந்து திரும்பியபோது சாயக்காரர்கள் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா?"

"வர்றவங்க சிரிக்கக் கூடாதில்ல." பிறகு, "கிளினிக்குல நம்பருக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு."

அதே ஹாலில் வந்து நின்று அம்மாவிடம் அண்ணன் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது அதுதான். தக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இதயம் அதற்குள் நின்றுபோனது.

கருமாதி முடிந்தபின் அண்ணி என்னை அழைத்தார். அவர்கள் ஹால் சாம்பல் நிறம்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இந்தச் சாம்பலுக்குள்ளயே இருக்கேன். எனக்கு மஞ்சள் வேணும். பளிச்சுன்னு."

"எவ்வளவு பளிச்சுன்னு, அண்ணி?"

"அவரு எந்திரிச்சு வந்து சண்டை போடணும்."

அண்ணன் செய்ததைப் போலவே பலகையில் அடித்து, காலை வெயிலிலும் மாலை விளக்கிலும் பார்த்தேன். மட்டமான மஞ்சளாகப் போனால் வெற்றி அவருக்கு. ஆகவே வேறு எந்த வீட்டுக்கும் எடுக்காத அக்கறை எடுத்தேன். அழகாக அமைந்தது. சுவரின் நட்டநடுவில் அவர் படத்தை மாட்டினோம். கண் திறந்திருக்கும் படம். சுற்றிலும் மஞ்சள். அண்ணி காப்பி கலக்கப் போனபோது, நான் அங்கேயே நின்று வேண்டிய மட்டும் பார்த்தேன்.

அன்று மாலையே கிளிப்பச்சைச் சாயத்தின் மாதிரிச் சீட்டை அம்மாவிடம் நீட்டினேன். இந்தத் தீபாவளிக்குப் பழையபடி அடிக்கலாம் என்றேன். அம்மா அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"வேணாம்மா. கண்ணக் குத்துது. இது பழகிப்போச்சு."

சீட்டைத் திருப்பித் தந்துவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

பலகையில் அடித்துப் பார்க்கும் முறையை அண்ணனிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். அது நல்ல முறை. அம்மாவின் இந்தப் பதிலையும் வைத்துக்கொள்கிறேன். அண்ணி வீட்டு மஞ்சள் அதற்கு ஈடாகவில்லை.

அவர் ஆன்மா அமைதியடையட்டும் என்று முடிக்கும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். அமைதி எங்கள் ஹாலில் நிறைய இருக்கிறது. வேண்டுமென்றால் அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.