பழைய விமானமும் ஒரு கன்னடச் சொல்லும்

பணி ஓய்வு பெறும்வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். நான் கையெழுத்திட்டு அனுப்பிய எந்த விமானத்தைப் பற்றியும் எவரும் என்னிடம் விளக்கம் கேட்க நேர்ந்ததில்லை. மைசூருக்குத் திரும்பி அங்கே விஜயநகர்ப் பகுதியில் குடியேறிய பின்னும் அந்த மதிப்புக் குறையவில்லை.

அதனால்தான், சிறு விமான நிறுவனமொன்றைத் தொடங்கிய என் அண்ணன் மகன் தன் கூட்டாளிகள் இருவருடன் என்னிடம் வந்தான். கேள்வி ஒன்றே: ஒரு புதிய விமானமா, அதே விலைக்கு இரண்டு பழையனவா?

பழையது என்பதாலேயே ஒரு விமானத்தை இகழ்பவனல்லன் நான். எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைவிட எத்தனை முறை ஏறி இறங்கிற்று என்பதையே நாங்கள் பார்ப்போம். புதியதற்குக் காத்திருக்க வேண்டும். பழையது உடனே கிடைக்கும். ஆனால் அவர்கள் காட்டிய ஆவணங்களில், சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும் எப்போது, எங்கே பழுதுபார்க்கப்பட்டன என்ற பக்கங்களே இல்லை. சொந்தப் பணிமனை இல்லாதவர்கள் இத்தகைய விமானத்தை வாங்கலாகாது என்று அண்ணன் மகனுக்குத் தமிழில் விளக்கினேன். கூட்டாளிகள் கன்னடர்கள். அவர்களிடம் சுருக்கமாக, "ஹளேது ஸாகு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பழையதைப் பற்றிய பேச்சு போதும் என்பதே என் கருத்து.

மறு ஆண்டு ஒரு கல்யாணப் பந்தியில், என்னோடு பணியாற்றிய ஒருவர் பக்கத்து இலையில் அமர்ந்தார். ரசம் பரிமாறும்போது கேட்டார்: "என்ன ஓய், அந்த ரெண்டு பழைய பிளேனையும் நீர்தான் வாங்கச் சொன்னீராமே? சக்கரம் சரியில்லேன்னு ரெண்டும் ஷெட்லேயே நிக்கறதாம். பென்ஷன் வந்தா கண்ணும் மங்கிடுமோ?"

பந்தியில் சிலர் சிரித்தனர். அவை வாங்கப்பட்டதே எனக்குத் தெரியாது.

அதே கல்யாணத்துக்கு வந்திருந்த அண்ணன் மகனைக் கை கழுவுமிடத்தில் நிறுத்திக் கேட்டேன்.

"நீங்க ஹளேது ஸாகுன்னேளே, சித்தப்பா. பழசே போறும்னு அவா எடுத்துண்டா."

"நீ ஏண்டா திருத்தலை?"

"அவாளுக்குப் பழசு மேலதான் கண்ணு." கைகளைத் துடைத்துக்கொண்டே, "எனக்குந்தான்" என்றான்.

நம் 'போதும்' போலவே கன்னட 'ஸாகு'வும் இரண்டு பக்கமும் சாயும்: இதுவே போதும், இதோடு நிறுத்து. பிறந்ததிலிருந்து இரு மொழியும் பேசுகிற நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் வாய்ச்சொல் செல்லாது. அன்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பிழை என்னுடையது.

ஆனால் அவ்விரு விமானங்களையும் வாங்கச் சொன்னவன் நான் என்பது உண்மையன்று. வாங்க வேண்டாம் என்றே சொன்னேன்.