ஓணத்துக்கு முன் நடந்த வழியனுப்பு

எனக்கு வழியனுப்பு விழா ஓணத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கடைசி நாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பூக்களம் போடும் அன்று எல்லாரும் நல்ல உடுப்பில் வருவார்கள், போட்டோ நன்றாக விழும், ஒரே கேக்கில் இரண்டும் முடியும் என்று எங்கள் அலுவலகத்தில் யாரோ புத்திசாலி கணக்குப் போட்டிருக்கிறார்.

அலுவலகத்தில் ஆட்குறைப்பு. இழப்பீடு தருகிறோம், விலகிக்கொள்ளச் சம்மதமா என்று எனக்குக் கடிதம் வந்தது. கொள்முதல் பிரிவிலேயே தலை நரைத்தவளிடம் போகிறாயா என்று கேட்டால், போ என்றுதான் அர்த்தம். கோபத்தில் அன்றைக்கே சம்மதம் என்று மெயில் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்தது. கொஞ்சம் தாமதித்தாவது அனுப்பியிருக்கலாம்.

விழாவில் பொன்னாடை போட்டார்கள். நான் எல்லாருக்கும் அம்மா மாதிரி என்று பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் ஒரு நாளும் என்னோடு சாப்பிட உட்கார்ந்ததில்லை. அன்று மாலையே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். கரமனையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்துப் பீரோவில் வைத்தேன். காட்டுவதற்கு ஆள் இல்லை. கணவர் போன பிறகு அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான்.

விடுமுறை முடிந்து மிச்ச நாட்களைக் கழிக்கப் போனேன். கண்கலங்கி விடைகொடுத்தவர்களுக்கு மறுபடியும் என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். "சேச்சி இப்போழும் உண்டோ?" என்றாள் ஒருத்தி, இன்னுமா போகவில்லை என்கிற மாதிரி. உயிரோடு இருக்கும்போதே திவசம் முடிந்தவளைப் போல மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடமாடினேன்.

அந்த வாரமே, என் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தவர் வேறு இடம் கிடைத்து ராஜினாமா செய்தார். மனிதவள மேலாளர் என்னைக் கூப்பிட்டார். என் வயதில் பாதி இருக்கும்.

"சேச்சி, ஆ ஓஃபர் கம்பெனி பின்வலிச்சு. இனி போகண்டா, கேட்டோ. இவிடெ ஒந்நு ஒப்பிட்டால் மதி."

கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம், நான் போக வேண்டாமாம். ஒரு கையெழுத்து மட்டும் போதுமாம். படித்துவிட்டுத் தருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன். போ என்றபோதும் என்னைக் கேட்கவில்லை, இரு என்றபோதும் கேட்கவில்லை. அந்தக் கடுப்பில்தான் எதிர் வீட்டு வக்கீல் அம்மாளிடம் தாளை நீட்டினேன்.

"நீங்க சம்மதம்னு அனுப்பிச்சு, அவாளும் ஏத்துண்டாச்சு. அதுக்கு முன்னாடின்னா கம்பெனி வாபஸ் வாங்கியிருக்கலாம். இனிமே உங்க சம்மதம் இல்லாம முடியாது, கேட்டேளா. அதுக்காக்கும் இந்தக் கையெழுத்து கேக்கறா."

"நான் என்ன பண்ணட்டும்?"

"அதை நான் சொல்லப்படாது. இருக்கணும்னா போடுங்கோ, போகணும்னா போடாதேங்கோ. உங்க இஷ்டமாக்கும்."

என் இஷ்டம். அப்படி ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது தெளிவாகத் தெரிந்தது, எனக்குப் போக ஆசையே இல்லை. ஆளில்லாத வீட்டில் பகல் முழுவதும் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. மறுநாள் கையெழுத்துப் போடுவதாகத்தான் போனேன்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலாளரிடம் கேட்டேன், "நான் இருக்கறதில உங்களுக்கெல்லாம் சந்தோஷம்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"புதிய ஆளெ கிட்டுந்நது வரெ மதி, சேச்சி," என்றார். அடுத்த ஆள் கிடைக்கும் வரைக்கும்தான்.

பேனாவை மூடினேன். சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் முறைத்தார்கள், மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். கடைசியில் பழைய கடிதத்தின்படியே விட்டார்கள்.

நிஜமான கடைசி நாளை யாரும் கவனிக்கவில்லை. அதுதான் ஏற்கெனவே கொண்டாடி முடித்தாயிற்றே. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு தனியாக லிஃப்டில் இறங்கினேன். வாசலில் காவலாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வழக்கம்போல நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மழ வருது, பாத்துப் போங்கக்கா. நாளைக்கு வருவியள்லா?"

"வராம பின்னே?" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.