கொளுக்கி போடாத கதவு

கதவைத் திறந்ததும் ஓட்னி வந்தவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. விளக்கை உயர்த்தி, படிக்கு இடப்பக்கம் அடுக்கியிருக்கும் விறகின் அடியைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே பனியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான், "வா, வா, சூடெல்லாம் வெளியில போகுது" என்று கையைப் பிடித்து உள்ளே இழுப்பார். அவருக்கு மாவும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் பிடித்து வைத்த பனிக்கௌதாரிகளை ஏற்றி வருகிறவன் நான். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பார்வை எனக்கு முதலில் கிடைத்ததில்லை. விறகுக்குப் பிறகுதான் குணநாயகம்.

என் பெயர் குணநாயகம் என்று வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மீன் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் அதைக் குன்னார் ஆக்கிவிட்டார். இப்போது ஊர்முனையில் கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகையிலும் குன்னார்தான்.

ஓட்னி அறுபதைத் தாண்டிய பெண்மணி. எங்கள் ஊரிலிருந்து பனி ஸ்கூட்டரில் அரை நாள் தூரத்தில், மேட்டுநிலத்து ஏரிக்கரையில் இருக்கிறது அவருடைய குடில். ஒரே அறை, ஓர் இரும்பு அடுப்பு, ஒரு கட்டில், ஒரு சன்னல். ஏரி உறைந்ததும் ஏறிப் போனால், சூரியன் திரும்பி வந்து சில கிழமைகள் ஆன பிறகுதான் இறங்குவார். குட்டைப் புதர்களுக்கிடையே பித்தளைக் கம்பியில் கண்ணி வைப்பதும், சறுக்குக் கட்டைகளில் போய் அவற்றைப் பார்த்து வருவதும் அவருடைய தொழில். பிடிபட்ட பறவைகளைக் கூரை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிடுவார். உறைந்து போன பறவைகள் காற்றில் ஒன்றோடொன்று முட்டும்போது கொட்டாங்கச்சிகள் மோதுவது போலக் கேட்கும். நகரத்து ஹோட்டல்களில் வெண்ணெயில் பொரித்துச் சாப்பிடுகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் கோழியே போதும் என்றிருப்பார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் அவரைத் துணிச்சல்காரி என்பார்கள். கொஞ்சம் குடித்திருந்தால் விசரி, பைத்தியக்காரி என்பார்கள். இரண்டையும் அவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விசரியை ஒத்துக்கொண்டார், துணிச்சலைத்தான் மறுத்தார்.

"நானோ? என்னை மாதிரிப் பயந்தாங்கொள்ளி இந்த மாகாணத்திலயே இல்லை. பயமில்லாதவங்கள் எல்லாரும் கெதியாச் செத்துப்போச்சினம். அதாலதான் உனக்கு அந்த ஆக்களைத் தெரியேல்லை."

உண்மைதான். அவருடைய நாள் முழுக்கப் பயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. சன்னலைப் பார்த்து அவர் உட்கார மாட்டார். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "தெரிஞ்சு என்ன? ஒரு நாள் நான் சிரிக்காமல் அது சிரிச்சா என்ன செய்யுறது?" என்று கேட்டார். சன்னலில் விளக்கு வைக்காமலும் முடியாது. எங்கள் ஊருக்கும் மேட்டுக்கு அப்பாலுள்ள ஊருக்கும் இடையில் அந்த ஒரு விளக்குத்தான். ஆகவே விளக்கை அங்கே வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பி குடிப்பார். வானத்தில் துருவத்துப் பச்சை ஒளி ஆடத் தொடங்கினால், அது தன்னைக் கண்டுவிடக் கூடாதென்று தொப்பியை இழுத்து நெற்றியை மறைத்துக்கொண்டு, மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விடுவார். கண்ணி பார்க்கப் போகும் வழியில் சில நாள் பனியில் தடம் தெரியும். ஆரோ வந்திருக்கினம் என்று அப்படியே நின்றுவிடுவார். குனிந்து பார்த்தால் நேற்று தான் போன தடம். "பிறகுதான் கூடப் பயம், குன்னார். என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை எண்டு வடிவாத் தெரிஞ்சிடும்."

கார்த்திகை பிற்பாதியில் சூரியன் போய்விடும். தை பிற்பாதிவரை பகலென்பது மத்தியானத்தில் கொஞ்ச நேரம் தெரியும் நீல வெளிச்சம்தான். அந்த நாட்களில் ஊருக்குள் இருக்கும் எனக்கே, கடையைப் பூட்டும்போது பின்னால் யாரோ நிற்பது போல இருக்கும். அவரோ அங்கே தனியாக இருக்கிறார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் கம்பியைச் சுருட்டிக்கொண்டே இருப்பார். காரணம் ஊருக்கே தெரியும். அதைச் சொல்ல அங்குள்ள ஒரு நம்பிக்கையைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்த பக்கத்தில் காகம் கரைந்தால் விருந்தாளி வருவார். அங்கே காகத்தின் வேலையை விருந்தாளியின் சத்தமே செய்துவிடும். ஒருவர் வந்து சேருவதற்குச் சற்று முன்பாகவே, அவர் படியில் காலை உதைத்துப் பனியை உதறுகிற சத்தம் வீட்டிலிருப்பவர்களுக்குக் கேட்கும். கதவைத் திறந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். யாரும் பதற்றப்படுவதில்லை, கோப்பிக்குத் தண்ணீர் வைப்பார்கள். கோப்பி கொதிக்கும் நேரம் ஆள் நிஜமாக வந்து நிற்பார். எல்லாருக்கும் இந்த முன்சத்தம் இருக்காது. சிலருக்கு மட்டும், குடும்ப மூக்கு மாதிரி, கூடவே வரும். வந்த புதிதில் நான் சிரித்தேன். இப்போது என் மனைவியே என் சத்தத்தைக் கேட்டுத்தான் தேத்தண்ணி வைக்கிறாள்.

தூர்பின் என்று ஒருவர் ஏரிக்கு அக்கரையில் கண்ணி வைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் ஓட்னியிடம் கோப்பி குடிக்க வருவார். இருவருக்கும் இடையில் என்ன என்று ஊர் பேசியது; கோப்பிதான் என்று ஓட்னி சொன்னார். தூர்பினின் முன்சத்தம் பெயர் பெற்றது. வலது காலால் இரண்டு பலத்த உதை, கொஞ்சம் பொறுத்து இடது காலால் மெதுவாக ஒன்று. இடது முழங்காலில் அவருக்கு வாதம் இருந்தது. அந்தச் சத்தத்தை நம்பிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி ஓட்னி ஒரு நாளும் ஏமாந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை புயல் எழும்பிவிட்டது. அந்த நாட்டில் குடிலின் கதவு உட்பக்கமாகத்தான் திறக்கும். வெளியே பனி குவிந்தாலும் ஆள் அடைபட்டுப் போகக் கூடாது என்பதற்காக. காற்று அதைத் தள்ளித் தள்ளித் திறக்கப் பார்க்க, ஓட்னி பயந்து, எப்போதும் போடாத கொளுக்கியைப் போட்டார். பிறகு சத்தம் கேட்டது. இரண்டு, பொறுத்து ஒன்று. ஓட்னி எழுந்து கோப்பிக்குத் தண்ணீர் வைத்தார். கொதித்தது. இறக்கி வைத்தார். ஆள் வரவில்லை, புயலில் சுணங்குகிறது என்று நினைத்து மறுபடி சூடாக்கினார். கோப்பி கசாயம் போலாகும்வரை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தடவை கேட்டது முன்சத்தம் அல்ல. தூர்பினே நின்றிருந்தார். விரல்கள் மரத்துப்போய், கொளுக்கி போட்ட கதவும் தள்ளுப்படாமல், விறகடுக்கின் அடியில் காற்றுப் படாத பக்கம் பார்த்துக் குந்தியிருக்கிறார். புயல் அடங்கிய பின் கதவைத் திறந்த ஓட்னி அவரை அங்கேதான் விறைத்த உடலாகக் கண்டார். அடுப்புக்கும் அவருக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர். இதெல்லாம் நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன் நடந்தது. ஓட்னி இதைப் பற்றி என்னிடம் சொன்னது ஒரே வரிதான்: "கோப்பி வைச்ச நேரத்தில கதவைத் திறந்திருக்கலாம்."

அன்றைக்குப் பிறகு அந்தக் கதவில் கொளுக்கி இல்லை. கழற்றி ஏரிப் பனியில் எறிந்துவிட்டார். காற்றடித்தால் உருளைக்கிழங்கு மூட்டையைக் கதவோடு சாய்த்து வைப்பார். ஒரு குளிர்காலமும் அவர் அங்கே போகத் தவறியதில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும், கூரையிலிருந்து பனிக்கட்டி விழுந்தாலும், முன்சத்தமோ பின்சத்தமோ, கதவைத் திறந்து விறகடியைப் பார்ப்பார். வழி தவறி வந்த பனிமான் மேய்ப்பவர்கள் இருவர் அந்தக் கதவு திறந்ததால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். என் கடையில்தான் புகையிலை வாங்குகிறார்கள்.

இந்தத் தை மாதம் நான் போனபோது நீல வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. படியில் ஏறிக் காலை உதைத்தேன். கதவு திறக்கவில்லை. நான் இரண்டாம் உதை உதைப்பதற்குள் திறந்துவிடும் கதவு அது. விறகடியை நானே ஒரு தரம் பார்த்துக்கொண்டு, கதவைத் தள்ளினேன். மூட்டை சரிந்தது. ஓட்னி மேசையில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். கதவு தானாகத் திறப்பதைக் கண்டதும் கம்பியைக் கீழே போட்டார். எழுந்து, என்னை இடித்துக்கொண்டு ஓடி, விறகடியைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"படியில கால் உதைச்சனியோ?"

"இல்லை. மறந்துபோனன்."

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். அதில் ஒரு துளி பனி இல்லை. பொய் சொல்லும்போது காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றேன்.

அவர் கோப்பி கொதிக்கவைத்து ஊற்றினார். அதற்குள் வெளியே காற்று எழும்பிவிட்டது. திரும்பிப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இலையுதிர் காலத்திலிருந்தே ஓட்னிக்குக் காது மங்கி வருகிறதாம். கடையில் நான் வெண்ணெயைப் பற்றிக் கேட்டதற்குக் கூரை நல்லாயிருக்கு என்று அவர் பதில் சொன்னது ஞாபகம் வந்தது. வயதானவர்களுக்கு வருவதுதான், கருவி வாங்கலாம் என்றேன். வாங்கிப் போட்டுப் பார்த்தாராம். காற்றைத்தான் அது பெரிதாக்கியதாம். கதவில்தான் கொளுக்கி இல்லையே, வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு வரட்டுமே என்றேன். ஓட்னி என்னைப் பார்த்த பார்வையில் நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"தள்ளப் பலம் இருக்கிறவனுக்குக் கதவு போதும். பலம் இல்லாதவனுக்குத்தான் காது வேணும். அது போச்சுதெண்டா நான் இஞ்ச இருக்கக் கூடாது, குன்னார். விளக்கைக் காட்டி ஆளைக் கூப்பிட்டுப்போட்டு வாசல்ல வைச்சுக் கொல்லுற மாதிரி."

"அப்ப என்னோட கீழ வாங்கோ."

"கீழ போனா விளக்கு ஆர் வைக்கிறது?"

அதற்கு ஊரில் வேறு ஆள் இல்லை. அவர் எழுந்து என் மேலங்கியை எடுத்து நீட்டினார். காதைச் சோதிக்க நான் வெளியே போய் நின்று விரும்பியபடி காலை உதைக்க வேண்டும். எப்படி உதைத்தேன் என்று அவர் வந்து சொல்வார். கேட்கவில்லையென்றால் நாளைக்கே என்னோடு இறங்கிவிடுவார். ஒன்றே ஒன்று: நான் கதவைத் தள்ளக் கூடாது. சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வெளியே நின்றவுடன் மூக்குத்துளை ஒட்டிக்கொண்டது. பனி மேலிருந்து விழவில்லை, பக்கத்திலிருந்து அடித்தது. ஸ்கூட்டர் நின்ற இடம் தெரியவில்லை. கூரை விளிம்பில் பறவைகள் கடகடவென்று முட்டின. காலை உதைத்தேன். மூன்று, சீராக, நல்ல பலமாக. காத்திருந்தேன். பலகையின் அந்தப் பக்கம் அடுப்பு எரிவது எனக்குத் தெரியும். கதவு திறக்கவில்லை. மறுபடி உதைத்தேன். விரல்கள் நோகத் தொடங்கின. பிறகு நோகவில்லை, அதுதான் கெட்ட அறிகுறி. சத்தியம் எல்லாம் கிடக்கட்டும், தள்ளுவோம் என்று கையை வைத்தேன். கையுறைக்குள் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. தூர்பின் இங்கேதான் நின்றார் என்ற நினைப்பு வந்தது. இடப்பக்கம், விறகடியில், காற்றுப் படாமல் இருக்கும் போலிருந்தது. குந்தினால் நல்லது என்று என் கால்களே சொல்லின. எனக்கு அழுகை வந்துவிட்டது. விறகைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். எப்படி உதைக்கிறேன் என்று நான் யோசிக்கவேயில்லை. உதைத்த பிறகுதான் தெரிந்தது: வலது காலால் இரண்டு, கொஞ்சம் பொறுத்து இடது காலால் ஒன்று.

கதவு உள்ளே இழுபட்டது.

ஓட்னி வெறுங்காலோடு நின்றார். கம்பளிக் காலுறைகள் இரண்டும் அடுப்படியில் கிடந்தன. மரத்தரையில் வாசல் ஓரத்தில் பாதங்கள் பதிந்த ஈரம் இருந்தது; காதுக்கு எட்டாததைக் காலால் கேட்கப் பலகையில் பாதங்களைப் பதித்து நின்றிருக்கிறார். முகம் சாம்பல் நிறம். என் கண்ணுக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினார். கொஞ்சம் பொறுத்து ஒரு விரலை.

நான் தலையாட்டினேன்.

அவர் என்னை ஒரு கையால் விலக்கிவிட்டு, அதே வெறுங்காலோடு பனிப் படியில் இறங்கி, விளக்கை உயர்த்தி விறகின் அடியைப் பார்த்தார்.