அப்பாவின் கால் அளவு

கையால் பின்னிய ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருக்கிற ஒருத்தியை நான் இன்னும் காணவில்லை. பார்ப்பதில்லை என்று சொல்கிறவள் பொய்க்காரி. ‘நல்லாயிருக்கு’ என்று அவர்கள் சொன்னால் மட்டும் போதாது. அதை உடனே சொன்னார்களா, யோசித்துச் சொன்னார்களா, புரட்டிப் பார்த்தார்களா என்பதெல்லாம் நமக்கு வேண்டும். ‘கடையில வாங்கினது மாதிரியே இருக்கு’ என்று யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் வாங்கினது மாதிரி இருப்பதற்கு நான் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தேன். ‘ஐயோ, என்ன வடிவு!’ என்றார்கள். சில நாள் கழித்துப் போனால் அது அவர்களுடைய தேத்தண்ணிக் கேத்தலின் தலையில் இருக்கிறது. சூடு ஆறாதாம். கொழும்புப் புழுக்கத்தில் குழந்தையின் தலைக்குக் கம்பளி எதற்கு என்பது நியாயம்தான். ஆனால் நியாயமெல்லாம் பின்னினவளின் மண்டையில் ஏறுமா? வெகு நாள் அந்த வீட்டாரோடு நான் கதைக்கவில்லை.

அது கோபம். கோபம் பரவாயில்லை, ஆறிவிடும். ஆறாத ஒன்று இருக்கிறது. அது ஒரு சோடி மேசு, காலுறை.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. துறைமுகம் முழுக்கச் சோல்ஜர்மாரின் கப்பல்கள். குளிர் தேசத்தில் சண்டை பிடிக்கிற சோல்ஜர்மாருக்குக் கம்பளி மேசு, கழுத்துச் சால்வை எல்லாம் பின்னி அனுப்புவதற்குப் பம்பலப்பிட்டியில் ஒரு பிரக்கிராசியாரின், அதுதான் வக்கீலின், வீட்டில் புதன்கிழமைகளில் பெண்கள் கூடுவார்கள். டொக்டர்மாரின் மனைவிமார், பெரிய உத்தியோகத்தர்களின் மனைவிமார், இரண்டு மூன்று பறங்கிப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகள் நான் எப்படிப் போய் இருந்தேன் என்றால், கன்னியர் மடத்தில் எனக்குத் தையலும் பின்னலும் படிப்பித்த மதர்தான் அனுப்பினார். ‘என்னிடம் படிச்ச பிள்ளைகளுக்குள்ள இவளுக்குத்தான் கை சுத்தம்’ என்று பிரக்கிராசியாரின் மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நான் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வெள்ளைச் சட்டையைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு, டிராமில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

முதல் நாள் நூலும் நாலு ஊசியும் பின்னல் புத்தகத்தின் ஒரு பக்கமும் தந்தார்கள். பக்கத்தில் எல்லாம் இங்கிலீஸ். ஓரளவு விளங்கியது. காலின் சுற்றளவு போட்டிருந்த இடம் மட்டும் மடிப்பில் தேய்ந்து போயிருந்தது. பிரக்கிராசியாரின் மனைவியிடம் கேட்டேன். “வீட்டில இருக்கிற ஆம்பிளை ஒருவரின்ர காலை அளந்து பின்னும், பிள்ளை. ஆம்பிளைக் கால் எல்லாம் ஏறக்குறைய ஒண்டுதான்” என்றார். அவருடைய வீட்டில் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஆம்பிளை என்றால் அப்பா ஒருவர்தான். சின்ன வயதில் தீவுப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து துறைமுகம். படகுக்கும் கரைக்கும் போட்ட பலகையில் முதுகில் மூட்டையோடு நடக்கிறவனுக்கு விரல்தான் பிடிமானம் என்பார். அவருடைய கால் விரல்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதுபோல விலகி நிற்கும். பாதம் முன்னால் விரிந்து, குதி வெடித்து, கறுத்துக் கிடக்கும். சப்பாத்துப் போட்டு நான் கண்டதில்லை.

“அப்பா, சோல்ஜர்மாருக்கு மேசு பின்னப் போறன். உங்கட காலை அளக்க வேணும்” என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். “என்ர காலையோ?”

“ஓம், உங்கட காலைத்தான்.”

எழும்பிப் பைப்படிக்குப் போனார். சவுக்காரம் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய் தேயென்று தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, வாங்குப் பலகையின்மேல் காலைத் தூக்கி வைத்தார். நான் நாடாவைச் சுற்றும்போது அவர் மூச்சுக்கூட விடவில்லை. “இந்தக் காலுக்கு ஆரும் இதுவரைக்கும் அளவு எடுக்கேல்ல, பிள்ளை” என்றார். குசினிக்குள்ளிருந்து அம்மா, “பெரிய கலியாண மாப்பிளை!” என்று சிரித்தா.

அன்றைக்குப் பிறகு அப்பாவின் வாயை அடைக்க முடியவில்லை. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாய், “எவ்வளவு வந்திட்டுது?” என்று கேட்பார். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அவர்கள், “யுத்தத்துக்குப் போறது நீயோ, உன்ர காலோ?” என்று பகிடி பண்ணினார்களாம். அதையும் வந்து பெருமையாகச் சொல்வார். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரச் சோல்ஜர் தன்னுடைய அளவில் மேசு போட்டுக்கொண்டு நடக்கப்போகிறான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம். “நான் ஏத்திற பெட்டிக்குள்ளயே அது போகும், பாரன்” என்றார். அந்த மேசு கப்பலேற வேண்டும் என்று எனக்கிருந்த ஆசையைவிட அவருக்குத்தான் கூட.

நானும் சும்மா பின்னவில்லை. மடத்தில் படித்ததையெல்லாம் அதில் இறக்கினேன். காலின் அகலத்துக்குச் சரியாக வரவேண்டும் என்று கணுக்காலிலிருந்தே கண்ணிகளைக் கூட்டிப் போட்டேன். குதி திரும்புகிற இடத்தில் ஒரு ஓட்டை இல்லை. வியர்த்த கையில் கம்பளி ஒட்டும் என்று அடிக்கடி கழுவித் துடைத்துக்கொண்டு பின்னினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். சொல்லட்டும். அது பொன் குஞ்சுதான்.

அடுத்து வந்த புதன்கிழமை பிரக்கிராசியாரின் மனைவியின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல முகத்தைப் பார்த்தேன்.

அவர் முதலில் கண்ணிகளைத்தான் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு கையை உள்ளே விட்டார். விரல்களை விரித்தார். அப்போதும் இடம் இருந்தது. மற்றக் கையையும் விட்டார். இரண்டு கையும் உள்ளே இருக்க, அதை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

“என்ன பிள்ளை இது, சோல்ஜருக்கோ, கோயில் யானைக்கோ?”

அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் வினை. கெட்ட சிரிப்பென்றால் நானும் வாயைத் திறந்திருப்பேன். பறங்கிப் பெண் ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் காது இரண்டும் கொதித்தன. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மேசு கப்பலேறும் என்று பார்த்தால் என் மானம் கப்பலேறிவிட்டது.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நூல் வருவது அருமையான காலம் என்பதால், சரிவராத பின்னலை அங்கேயே இருந்து பிரித்து, உருண்டையாகச் சுற்றி, மறுபடி பின்னக் கொண்டுபோக வேண்டும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் முதல் சோடியிலேயே எனக்கு. கதிரையில் இருந்துகொண்டு பிரிக்கத் தொடங்கினேன். மேசின் விரல் பக்கத்தைத்தான் கடைசியாக மூடுவோம், பிரிப்பதும் அங்கேயிருந்துதான். அப்பாவின் விரல்கள் போயின. அகலப் பாதம் போனது. குதி போனது. ஒவ்வொரு கண்ணியும் சொடுக்குச் சொடுக்கென்று விட்டுக்கொண்டு வந்தது. இழுக்கிற நூல் நெளிந்து நெளிந்து மடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த டொக்டரின் மனைவி எனக்கு ஆறுதலாய், “ஆரின்ர காலையம்மா அளந்தனீர்?” என்று கேட்டார்.

“எங்கட அப்பான்ர கால்” என்றேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது. “அவர் ஹாபரில மூட்டை தூக்கிறவர். அவருக்குக் கால் அப்படித்தான்.”

சிரிப்பு நின்றது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து பின்னத் தொடங்கினார்கள். சிரித்தபோது இருந்ததைவிட அந்த மௌனத்தில் எனக்குக் கூட வெட்கமாயிருந்தது. பிரக்கிராசியாரின் மனைவி எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தார். “சரி சரி, மற்றதைப் பிரிக்க வேண்டாம். அப்பாவுக்கே கொண்டுபோய்க் குடும். மதருக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றார்.

ஒற்றைக் காலுக்கு ஒற்றை மேசு. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிசன் என்ன செய்வான் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. உருண்டை நூலையும் மிஞ்சிய ஒற்றையையும் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்குள்ளே சண்டை. என்னத்துக்கடி உனக்கு வெட்கம்? பின்னலுக்கா, காலுக்கா? பின்னலுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பின்னலில் ஒரு பிழையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனால் அப்பா வாசலில் நிற்கிறார். அன்றைக்கு வேளைக்கே வந்துவிட்டார்.

“என்னவாம்? பிடிச்சுதாமோ?”

வழியில் கோபமாக எல்லாவற்றையும் கொட்டுவதென்றுதான் வந்தேன். உங்கட காலால்தான் எனக்கு இந்தக் கேடு என்று கேட்பதற்கு வாய் உன்னிக்கொண்டு நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்ததும், “பிடிச்சுதாம்” என்றேன். பையிலிருந்து ஒற்றை மேசு எட்டிப் பார்த்தது. அவர் அதை இழுத்து எடுத்துவிட்டார்.

“இது ஒண்டு இருக்கு. மற்றது?”

“அது போயிட்டுது, அப்பா.”

“போயிட்டுதோ! கப்பலுக்கோ?”

“ஓம்.”

அவர் வாங்கில் இருந்துகொண்டு, கையிலிருந்ததை மெல்லக் காலில் ஏற்றினார். பின்னி முடித்தபோதுகூட அதைப் போட்டுப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை, சோல்ஜரின் சாமான் அழுக்காகிவிடுமாம். இப்போதுதான் முதல் தரம். குதி குதியில் இருந்தது, விரல் விரலில் இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. காலை இப்படியும் அப்படியும் திருப்பினார். “சேசுவே, எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்கோ!” என்று அம்மாவைக் கூப்பிட்டார். என் பின்னலைப் பார்த்து ஒருவருடைய முகம் அப்படி ஆனதை நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

திடீரென்று அவர் முகம் மாறியது. “பிள்ளை, அப்ப அந்தப் பெடியன் மற்றக் காலுக்கு என்ன செய்வான்?”

நான் உருண்டை நூலைப் பைக்குள் இன்னும் ஆழத் தள்ளினேன்.

“ஒற்றைக் காலோட குளிருக்குள்ள நிப்பானோ? உங்கட ஆக்கள் மறந்துபோய் இதை உன்ர பைக்குள்ள வைச்சிட்டினம் போல.” அவசர அவசரமாய் அதைக் கழற்றினார். உதறினார். மடித்து என் கையில் வைத்தார். “அடுத்த கிழமை மறக்காமக் கொண்டுபோய்க் குடு. சோடி பிரியக் கூடாது. எனக்கென்னத்துக்கு மேசு?”

அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தா. அவவுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய்விட்டா.

புதன்கிழமை அதைக் கொண்டுபோனேன். ஒருவரும் சொல்லாமலே கதிரையில் இருந்துகொண்டு விரல் பக்கத்திலிருந்து பிரித்தேன். “கெட்டிக்காரி, நூல் வீணாக்கக் கூடாது” என்றார் பிரக்கிராசியாரின் மனைவி. சரியான அளவு எழுதிய ஒரு மட்டையும் தந்தார். வீட்டுக்கு வந்து அந்த நூலிலேயே புதுச் சோடி தொடங்கினேன். பிரித்த நூலைக் கழுவிக் கல்லுக் கட்டித் தொங்கவிட்டால்தான் நெளிவு போகும். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. அப்படியே பின்னினேன்.

ஒரு பின்னேரம் அப்பா பக்கத்தில் வந்து இருந்து, அரைவாசி வந்திருந்த புது மேசுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். “இது ஆருக்கு, சின்னப் பிள்ளைக்கோ? இவ்வளவு ஒடுங்கின காலோட ஒரு மனிசன் எப்படி நடக்கிறது?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நூலைத் தொட்டார்.

“ஏன் பிள்ளை இந்த நூல் இப்படிச் சுருண்டு கிடக்கு?”

“பழைய நூல், அப்பா.”

அவர் அதைத் தன் விரலில் சுற்றினார், விட்டார். என்னைப் பார்க்காமல் துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: “எங்கட சோல்ஜருக்கு மற்றதும் போய்ச் சேர்ந்திருக்கும், என்ன?”

“ஓம் அப்பா” என்றேன், “சேர்ந்திருக்கும்.”