மருதோடைக்கு ஒரு கோலம்

திருநெல்வேலி என்றால் எல்லோருக்கும் அல்வா ஞாபகம் வரும். மார்கழி மாத ஞாயிறு ஒன்றில், காலை ஏழு மணிக்குச் சந்திப்பில் இறங்கியபோது எனக்கு வந்தது சாக்கடை ஞாபகம். நான் பார்க்க வந்ததே அதைத்தான்.

பாளையங்கோட்டைப் பக்கம் மருதோடைக்குப் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கன என்ன இருக்குன்னு போறிய? கொசுதான் இருக்கு."

"அதைச் சரி பண்ணத் திட்டம் போடுறாங்களாம்."

"போடுவாவ, போடுவாவ," என்றபடி மீட்டரைப் பார்க்காமலே நூற்றைம்பது ரூபாய் கேட்டார். ஐந்து கிலோமீட்டர் இருக்கும். பேரம் பேச வாய் திறப்பதற்குள் பாலம் வந்துவிட்டது. கீழே தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்தபின் யாருக்குப் பேரம் பேச மனம் வரும்? கேட்டதைக் கொடுத்தேன்.

என்னை அழைத்தவள் வல்லி. கல்லூரியில் என்னோடு படித்தவள். இப்போது இங்கே தாவரவியல் ஆசிரியை. ஓடையை மீட்க அவளும் தெருக்காரர்களும் திட்டம் ஒன்று தயாரித்துக் கொடுத்தால் பரிசீலிப்பதாக மாநகராட்சி சொல்லியிருக்கிறது. அதை இறுதி செய்யும் கூட்டம் அன்றைக்குத்தான்.

எட்டு மணிக்கு ஓடையோடு நடக்க ஆரம்பித்தோம். பெரிய குளம் ஒன்று நிறைந்து வழியும் மறுகாலில் மருதோடை பிறக்கிறது. அங்கே தண்ணீர் பளிச்சென்று இருந்தது. கொக்குகள் நின்றன, நாமக்கோழிகள் நீந்தின. அரை கிலோமீட்டர் தாண்டித் தெருக்களுக்குள் நுழைந்ததும் கொக்குகள் நின்றுவிட்டன, குழாய்கள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு குழாய். கரையெல்லாம் சீமைக்கருவேலம். நான் மூக்கைப் பொத்தினேன். வல்லியோ மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொந்தக்காரர்களைக் காட்டுவதுபோல, "இங்க நாணல் வைக்கோம், அங்க புங்கை, அந்த வளைவுல நீர்மருது" என்று சிரித்த முகமாக வந்தாள்.

சின்னப் பாலம் ஒன்றின் கீழே தேங்கிய பள்ளத்தில் பத்து எருமைகள் கண்மூடிக் கிடந்தன. உலகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கரையில் நின்றவர் இசக்கி அண்ணாச்சி. அந்த வட்டாரத்து டீக்கடைகளுக்கெல்லாம் பால் அவருடையது.

"எருமைக்கு வெயில் தாங்காதும்மா. தண்ணிக்குள்ள கெடந்தாத்தான் பால் கறக்கும். ஆத்துக்கு ஓட்டலாம்னா நடுவுல பெரிய ரோடு. லாரிக்காரன் எருமையப் பாத்து நிப்பானா?"

சிக்கல் என்னவென்றால், முதல் வரைவில் இரு கரையிலும் கல் கட்டி, கம்பி வேலி போட்டு, கால்நடைகளைத் தடுத்திருந்தார்கள்.

"அதான் வள்ளியூர் யாவாரிட்ட சொல்லிட்டேன். சாயந்தரம் வண்டி கொண்டாறான். பத்தையும் ஏத்திவிட்டா சோலி முடிஞ்சுது," என்று சிரித்தார் அண்ணாச்சி. கை மட்டும் பக்கத்தில் எழுந்து வந்த எருமையின் கழுத்தை விடவில்லை.

வல்லியின் சிரிப்பு மறைந்தது. "இன்னும் முடிவாவல அண்ணாச்சி. கூட்டத்துக்கு வாங்க," என்றாள்.

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம். காகித வரைபடத்தை விரித்தால் நாலு பேர்தான் குனிந்து பார்க்கிறார்களாம். அதனால் வல்லி புது வழி கண்டிருந்தாள். மார்கழிக் கோலத்தில் கை தேர்ந்த பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து, சிமெண்டுத் தரை முழுக்க ஓடையை வரையச் சொன்னாள். அவரவர் தம் வீடு இருக்கும் இடத்தில் போய் நின்று பேசலாம். முப்பிடாதி அக்கா தலைமையில் குளம் வந்தது, தெருக்கள் வந்தன, இரண்டு வெள்ளைக் கோடுகளாகக் கரைகள் நெளிந்து ஆற்றை நோக்கிப் போயின. போன வேகத்தில் அக்கா இரண்டையும் அகல வளைத்து, கடைசியில் ஒன்றாகச் சேர்த்து முடித்துவிட்டார்.

"எக்கா, ஓடை ஆத்துக்குப் போவணும். நீ குளம் வெட்டிட்டியே!" என்று யாரோ கத்த, முற்றமே சிரித்தது.

"கோலத்த வாய் தொறந்தாப்புல விட்டா வீட்டுக்கு ஆவுமா? கை தானாச் சேத்துட்டு," என்று அக்கா முகம் சிவந்தார்.

அழிக்கத் துடைப்பத்தோடு போன வல்லி, குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். ஆற்றுக்குச் சற்று முன்னால், பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கமே, அக்காவின் கோடு அகன்ற அதே இடத்தில், கருவேலம் மண்டிய புறம்போக்கு இருக்கிறது.

"இருங்க, அழிக்காண்டாம். அழுக்கு படியணும்னா தண்ணி எங்கயாவது நிக்கணும்லா? இங்கன நின்னு, நாணலுக்குள்ள பைய ஊறி ஆத்துக்குப் போவட்டும்."

குழாய்களை அடைப்பதுதான் முதல் வேலை என்பதில் ஏற்கெனவே எல்லோரும் ஒத்துப்போயிருந்தார்கள். மிச்ச அழுக்குக்கு இப்போது வழி கிடைத்துவிட்டது. கொசு வராதா என்று ஒருவர் கேட்டார். மீன் விடுவோம் என்றாள் வல்லி. அதற்குள் இசக்கி அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டை மிதிக்காமல் தாண்டி, அந்த வட்டத்துக்குள் போய் நின்றார்.

"அப்ப என் எருமையெல்லாம் இங்கன கெடக்கலாமா?"

முப்பிடாதி அக்கா பொடியை எடுத்தார். வட்டத்துக்கு மேற்புறம் சின்னதாக இன்னொரு வட்டம் போட்டு, "இது ஒம்ம எருமைக்கு. சாணித் தண்ணி கீழ நாணலுக்குப் போவட்டும்," என்று சொல்லி வல்லியைப் பார்த்தார். வல்லி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "நாணலுக்கு நல்ல உரம்தான். அந்தப் பக்கம் வேலியும் வேண்டாம்," என்றாள். கை தூக்கச் சொன்னபோது தூக்காத கையை நான் பார்க்கவில்லை. வெளியூர்க்காரியான நானும் சந்தோஷத்தில் தூக்கிவிட்டேன்.

அண்ணாச்சி அங்கேயே நின்று போனை எடுத்தார். "ஏலே, வண்டிய எடுக்காத. மாடு விக்கல. ஆமா, ஒண்ணும் விக்கல."

எனக்குப் பதற்றமாகிவிட்டது. "அண்ணாச்சி, இது வெறும் கோலப்பொடி. அனுமதி வரணும், பணம் வரணும். எத்தனை வருஷம் ஆகுமோ?"

"பொடிதாம்மா. ஆனா ஊரே சுத்தி நின்னு பாத்துட்டுல்லா? வேலி போட எவனாவது வந்தா இத்தனை பேரும் கேப்பாவள்லா?"

சாயங்காலம் சந்திப்புக்குத் திரும்பினேன். ஓடைப் பாலத்தருகே ஆட்டோ நின்றுவிட்டது. எருமைகள் கரையேறி, சேறு சொட்டச் சொட்ட, சாலை முழுக்க அடைத்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்; ஒன்றும் அசையவில்லை. எங்கள் ஊரில் சிக்னல் ஒரு நிமிடம் கூடினால் சீறுகிற ஆள் நான். அங்கே எங்கள் தெரு ஓடைக்கு மேல் பலகைக்கல் மூடி, கார் நிறுத்துகிறோம். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"ரயிலுக்கு நேரமாவுதே, எறங்கி வெரட்டட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

"வேண்டாம், பைய போகட்டும்," என்று சொல்லிவிட்டு எண்ணினேன். பத்தும் இருந்தன.