அத்தை வீட்டு வயரிங்

மூன்றாம் மாடித் தையல்காரம்மாவை முகத்துக்கு நேரே எல்லாரும் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஊசி. கையில் இருக்கிற ஊசியைவிட நாக்கில் இருக்கிறது கூர் என்று கீழ்வீட்டுக்காரர் எப்போதோ சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் காதுக்கும் வந்தது. "குத்தாம எப்படித் தைக்கிறதாம்?" என்று கேட்டுவிட்டு மிஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

புருஷன் செத்த பிறகு அந்த மிஷினை மிதித்துத்தான் ஒரே மகளை வளர்த்தாள், படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை எலக்ட்ரீசியன். கையில் தொழில் இருக்கிறது, குடி கிடையாது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தாள். வேறென்ன வேண்டும் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் வேலைக்குக் கிளம்பும்போது பெண்டாட்டியை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவான். முதலில் திருட்டுப் பயம் என்றான். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான்.

ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல். தாய் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடினாள். கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு, பெற்ற பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் சாவி ரிப்பேர் செய்கிறவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்து, மகளைக் கட்டிய துணியோடு அழைத்து வந்துவிட்டாள். கோர்ட்டுக்கு நடந்து, பிரிந்ததும் ஆயிற்று. மகள் இப்போது வேறொரு ஊரில் வேலை பார்க்கிறாள். எந்த ஊர் என்று தாய்க்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அவள் மிஷினுக்கு மேலே இருந்த டியூப் லைட் வம்பு செய்ய ஆரம்பித்தது. கண்ணைச் சிமிட்டியது, உறுமியது, கடைசியில் சுவிட்சைத் தட்டினால் பொறி பறந்தது. அவள் கையில் இருந்ததோ காவலாளிகளுக்கான கருநீலச் சட்டைகள். கருநீலத் துணியில் கருநீல நூல். வெளிச்சம் இல்லாமல் அதைத் தைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவதும் ஒன்றுதான். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவரும் நல்ல மனிதராக, கட்டடம் முழுக்கப் பழைய வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுவதென்று முடிவு செய்து ஆள் வைத்தார்.

காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். தோளில் ஏணி, கையில் சாமான் பை. முன்னாள் மாப்பிள்ளை.

"நல்லா இருக்கீங்களா அத்தை?"

"எலக்ட்ரீசியனுக்கு இங்க அத்தை யாரும் கிடையாது. சுவிட்ச் பெட்டி அங்க இருக்கு."

கதவை அவன் மூஞ்சியில் சாத்தத்தான் கை துறுதுறுத்தது. ஆனால் தைக்காமல் கிடந்த சட்டைக் குவியல் கண்ணில் பட்டது. கதவை விரியத் திறந்து போட்டாள். போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டூலை இழுத்து வாசற்படிக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. மெயினை அணைத்தான், டெஸ்டர் வைத்துப் பார்த்தான், கருகிப்போன வயரை உருவினான், சுவரில் துளை போட்டான். விழுகிற தூசியைக்கூடப் பழைய பேப்பரில் பிடித்தான். அவ்வளவு ஒழுங்காக அவன் செய்வதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

"குழாய் வெளிய இருக்கு."

விளக்கை மாட்ட ஏணியில் ஏறினவன், விளக்குக்கு வேண்டிய நேரத்தைவிட அதிகமாக மேலேயே நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண் விளக்கில் இல்லை. பீரோவின் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது, மகள் அனுப்பிய பார்சல் வந்த பெட்டி. அவன் ஒரு கையை நீட்டி அதைத் திருப்பிக்கொண்டிருந்தான். அனுப்பியவர் விலாசம் ஒட்டியிருந்த இடம் வெறும் அட்டையாக இருந்தது.

"கிழிச்சிட்டீங்க," என்றான்.

"வயர் என்ன அந்தப் பெட்டிக்குள்ளயா போகுது?"

அவன் இறங்கினான். விளக்கு மாட்டியிருந்தது. சுவிட்ச் பெட்டியில் மட்டும் இரண்டு வயர்கள் செம்பு தெரியத் தொங்கின. ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"இது மாட்டல?"

"ரெண்டு நிமிஷ வேலை. அவ நம்பரைச் சொல்லுங்க, மாட்டிட்டுப் போறேன்."

அவள் எழுந்தாள்.

"ஒரே ஒரு தடவை பேசணும், அவ்வளவுதான். நான் திருந்திட்டேன் அத்தை."

"திருந்தினவரு விளக்கைப் பணயமா வச்சு நம்பர் கேக்க மாட்டாரு."

அவன் முகம் மாறியது. மகள் சொல்லிச் சொல்லி அழுத முகம் அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் இதுவரை நேரில் கண்டதில்லை. "உங்க வாயாலதான் அவ வாழ்க்கை நாசமாச்சு," என்றான். "ஒழுங்கா குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தவளை இழுத்துட்டு வந்து எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கீங்க. எத்தனை நாளைக்கு? நான் கண்டுபிடிக்காமலா போயிடுவேன்? அதுவரைக்கும் இருட்டுல தைங்க."

அவனை அவள் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. பூட்டை உடைத்த அன்று பாதியில் வந்து வாசலில் மறித்தவனிடம்கூட "வழிய விடுங்க" என்றுதான் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கொடுத்த மரியாதை நாக்கில் ஊறிப்போயிருந்தது.

"வெளிய போடா," என்றாள்.

சத்தம் போடவில்லை. ஆனால் அவன் ஏதோ சூடு பட்டவன் மாதிரி ஓரடி பின்வாங்கினான். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடும்பச் சண்டையில நான் தலையிட முடியுமாம்மா? வேலை சுத்தமா செய்யறான். நான் சொல்லி மாட்டச் சொல்றேன்."

"அவன் இனிமே என் வாசப்படி ஏறக் கூடாது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"உங்க பொண்ணுக்கு இப்படி ஒருத்தன் வாய்ச்சிருந்தா என்ன பண்ணுவீங்களோ, அதைப் பண்ணுங்க."

அவர் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அதோடு சரி.

அன்று மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெயில் இருக்கும்வரை தைத்தாள். கழுத்துப்பட்டி ஒன்று கோணிக்கொண்டது. பிரித்தாள், திரும்பத் தைத்தாள், மறுபடியும் கோணியது. சட்டையைச் சுருட்டிச் சுவரில் அடித்தாள். பிறகு அவளே போய் எடுத்துவந்து மடியில் போட்டு நீவினாள்.

மறுநாள் கடைத்தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடைக்காரரிடம் சொல்லி வேறு ஆளுக்கு ஏற்பாடு செய்தாள். வந்தவர் நல்ல தடியான மனிதர். மூன்று மாடி ஏறிவந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் லிஃப்ட் வைக்காத ஊரையே திட்டினார். சுவிட்ச் பெட்டியைப் பார்த்ததும் திட்டு நின்றது.

"யாரு வேலை இது? இவ்வளவு சுத்தமா இழுத்துட்டு, கடைசியில ஏன் அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்?"

"அவனுக்கு வேற வேலை வந்துடுச்சு."

"கிறுக்குப் பய," என்று சொல்லிக்கொண்டே மாட்டினார். விளக்கு எரிந்தது. கருநீலத்தில் கருநீலத் தையல் தனியாகத் தெரிந்தது. அவள் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கட்டடத்தில் அவன் வேலை அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தது. டிரில் சத்தம் சுவர் வழியாக வந்து பல்லைக் கூசவைக்கும். சட்டைகள் முடிந்து, மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவள் இறங்கினபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவன் ஏணியைக் குறுக்கே போட்டு மேலே நின்றுகொண்டிருந்தான். பார்த்தான். நகரவில்லை.

"ஏணியை நகத்து."

கையில் இருந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் மூட்டையோடு அவளும் நின்றாள். கீழே இருந்து யாரோ ஏறிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவன் இறங்கி ஏணியைச் சுவரோடு சாய்த்தான். அவள் கடந்து போகையில், தாழ்ந்த குரலில் கேட்டான்: "நல்லாவாவது இருக்காளா?"

"நல்லா இருக்கா" என்கிற சொல் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அந்த ஒரு நூல் நுனி போதும், பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பிரித்துவிடுவான். விழுங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"லைட்டு ரிப்பேர்னியே, சரியாச்சாம்மா?"

"ஆச்சு. பளிச்சுனு எரியுது."

"யாரு வந்து போட்டாங்க?"

"ஒரு தடியன். மாடி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது, வாய் மட்டும் ஓயல. லிஃப்டு இல்லாத வீட்டுல எதுக்கு விளக்குன்னு எங்கிட்டயே கேக்கறான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. தையல்காரம்மாவும் கூடவே சிரித்தாள். போனைக் காதில் வைத்தபடியே எழுந்துபோய், கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.